அம்மா அப்பா அமெரிக்கா வருகிறார்கள்: விசிட்டர் இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரி, பில் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி-2 என்ற சுற்றுலா விசாவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயமா?

இல்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் விசா வேண்டுமென்றால் குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு காட்டியாக வேண்டும். அமெரிக்கத் தூதரகத்தில் அப்படி ஒரு விதி கிடையாது, விமான நிலைய இமிகிரேஷனிலும் கேட்க மாட்டார்கள். யாரும் கேட்காததால்தான் பல வீடுகளில் டிக்கெட் போட்டு, பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டி முடித்த பிறகு, கிளம்பும் வாரத்தில் இந்தப் பேச்சு எடுக்கப்படுகிறது. அந்த அவசரத்தில் விலை குறைந்த பாலிசிதான் கண்ணில் படும். அது எதற்கெல்லாம் பணம் தராது என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரியவரும்.

ஊரில் இருக்கும் ஹெல்த் பாலிசி போதாதா? என் கம்பெனி இன்சூரன்ஸில் அவர்களைச் சேர்க்க முடியாதா?

ஊர் பாலிசிகள் பெரும்பாலும் இந்தியாவுக்குள் பார்க்கும் சிகிச்சைக்கு மட்டுமே. வெளிநாட்டுச் சிகிச்சைக்கும் தருவோம் என்று பாலிசியில் எழுதியிருந்தால் ஒழிய அதை நம்ப வேண்டாம். அமெரிக்கக் கம்பெனி இன்சூரன்ஸில் மனைவி, கணவர், பிள்ளைகளைச் சேர்க்கலாம். பெற்றோரைச் சேர்க்க அனேகமாக எந்தக் கம்பெனியும் விடாது. 65 வயதானவர்களுக்கான அரசுத் திட்டமான மெடிகேரும் சுற்றுலா விசாவில் வருபவர்களுக்குக் கிடையாது.

இந்தியாவில் வாங்குவதா, அமெரிக்கக் கம்பெனியிடம் வாங்குவதா?

இந்திய டிராவல் பாலிசியை விமானம் ஏறுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும், வந்து இறங்கிய பிறகு வாங்க முடியாது. அமெரிக்க விசிட்டர் பாலிசியை இறங்கிய பிறகும் வாங்கலாம். ஆனால் வாங்குவதற்கு முன் தொடங்கிய நோய்க்கு அது பொதுவாகப் பணம் தராது. இந்திய பாலிசியில் பெட்டி தொலைவது, பாஸ்போர்ட் தொலைவது, பயணம் ரத்தாவது எல்லாம் சேர்ந்து வரும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கோ, ஒரு நோய்க்கு இவ்வளவுதான், ஒரு அறுவைக்கு இவ்வளவுதான் என்று உள்வரம்பு வைத்த திட்டங்கள் அதில் நிறைய. முகப்பில் ஒரு லட்சம் டாலர் என்று போட்டிருக்கும், உள்ளே மாரடைப்புக்குத் தனித் தொகை குறித்திருக்கும். அந்த அட்டவணையைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

எங்கள் கணிப்பு: ஒரு மாதத்துக்குள் திரும்பும், திடகாத்திரமான, 60 வயதுக்குட்பட்டவருக்கு எது வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்தாறு மாதம் தங்கும் அறுபதைத் தாண்டிய பெற்றோருக்கு, அமெரிக்க ஆஸ்பத்திரிகளோடு நெட்வொர்க் ஒப்பந்தம் உள்ள அமெரிக்க பாலிசிதான் ஆபத்துக்கு உதவும்.

ஃபிக்ஸட் பெனிஃபிட், காம்ப்ரிஹென்சிவ் – என்ன வித்தியாசம்?

ஃபிக்ஸட் திட்டத்தில் ஒவ்வொரு சேவைக்கும் உச்சவரம்பு எழுதியிருக்கும். காம்ப்ரிஹென்சிவ் திட்டத்தில் மொத்தத் தொகைக்குத்தான் உச்சவரம்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பித்தப்பைக் கல்லுக்காக மூன்று இரவு அட்மிட் ஆகி, பில் 38,000 டாலர் வருகிறது என்று வையுங்கள். ஃபிக்ஸட் திட்டம் அறைக்கு நாளுக்கு 1,500, சர்ஜனுக்கு 3,000, மயக்க மருந்து டாக்டருக்கு 750, ஸ்கேனுக்கு 450 தருகிறது. கூட்டினால் 4,500 + 3,000 + 750 + 450 = 8,700 டாலர். மீதி 29,300 உங்கள் தலையில்.

அதே பில் காம்ப்ரிஹென்சிவ் திட்டத்தில், 250 டாலர் டிடக்டிபிளோடு, முதல் 5,000 டாலருக்கு மட்டும் 80-20 கோ-இன்சூரன்ஸ் என்று இருந்தால், முதலில் 250 நீங்கள் கட்டுகிறீர்கள். அடுத்த 5,000-இல் உங்கள் பங்கு 20 சதவீதம், அதாவது 1,000. மீதியைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். நெட்வொர்க் ஆஸ்பத்திரியாக இருந்தால் உங்கள் செலவு 1,250 டாலரோடு நிற்கும். வெளி ஆஸ்பத்திரி என்றால், 'நியாயமான கட்டணம்' என்று கம்பெனி ஒரு தொகையை நிர்ணயித்து அதற்கு மட்டும் தரும். மிச்சத்தை ஆஸ்பத்திரி உங்களிடம் கேட்கும்.

ஃபிக்ஸட் திட்டம் மலிவு. சளி, காய்ச்சலுக்கு அது போதும். ஆனால் சளி காய்ச்சலுக்கு இன்சூரன்ஸே இல்லாமலும் சமாளிக்கலாம். நாம் பயப்படுவது பெரிய பில்லுக்குத்தான், அங்கேதான் ஃபிக்ஸட் திட்டம் கைவிரிக்கும்.

அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரையும் பிபியும் இருக்கிறது. அதற்கெல்லாம் கவர் உண்டா?

அதிகமான கிளைம்கள் அடிபடுவது இந்த விஷயத்தில்தான். ஏற்கெனவே உள்ள நோய்க்கு, அதாவது ப்ரீ-எக்ஸிஸ்டிங் கண்டிஷனுக்கு, விசிட்டர் பாலிசிகள் வழக்கமான சிகிச்சை தருவதில்லை. தினசரி மாத்திரை, மாதாந்திர ரத்தப் பரிசோதனை, டயாலிசிஸ், முன்பே டாக்டர் சொல்லி வைத்திருந்த முட்டி ஆபரேஷன் எதற்கும் பணம் வராது. பாலிசி தொடங்கும் நாளிலிருந்து எத்தனை ஆண்டு பின்னோக்கிப் பார்ப்பார்கள் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும்.

பல அமெரிக்கத் திட்டங்கள் தருவது 'அக்யூட் ஆன்செட்' என்ற சலுகை. பழைய நோய் முன்னறிகுறி எதுவும் இல்லாமல் திடீரென்று முற்றி, உடனே வைத்தியம் பார்த்தே ஆக வேண்டிய நிலை வந்து, 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்கும் போயிருந்தால் அந்தச் செலவைத் தருவார்கள். பிபி உள்ள அப்பாவுக்கு விடிகாலையில் திடீர் நெஞ்சுவலி, உடனே ஆம்புலன்ஸ் என்றால் இதற்குள் வர வாய்ப்பு உண்டு. சர்க்கரையால் காலில் வந்த புண் மூன்று வாரமாகப் பெரிதாகிக்கொண்டே வந்து, இன்றைக்குச் சீழ் பிடித்துவிட்டது என்றால் வராது. மெல்ல மெல்ல முற்றும் எதுவும் இந்தச் சலுகைக்குள் அடங்காது.

இதிலும் மூன்று கண்ணிகள் உண்டு. ஒன்று, வயது: பல திட்டங்களில் 70-ஐயோ 80-ஐயோ தொட்டால் இந்தச் சலுகை போய்விடும், அல்லது தொகை சுருங்கிவிடும். இரண்டு, தனி வரம்பு: பாலிசி ஒரு லட்சத்துக்கு இருந்தாலும் அக்யூட் ஆன்செட்டுக்கு அதைவிடக் குறைவான தொகை வைத்திருக்கலாம், இதய நோய்க்கு இன்னும் குறைவாக. மூன்று, மருந்து மாற்றம்: கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பு மாத்திரையின் அளவை மாற்றியிருந்தால், நோய் கட்டுக்குள் இல்லை என்று சொல்லிச் சில திட்டங்கள் மறுத்துவிடும்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவான ஈஆரில் முதலில் பேசும் நர்ஸ் கேட்கும் கேள்வி, "எப்போதிலிருந்து வலி?" நம்மவர்கள் பழக்கத்தில், "ஒரு பத்து நாளாவே அப்பப்ப ஒரு மாதிரிதான் இருக்கு" என்பார்கள். பத்து நாள் முன்பு வந்தது சாப்பாடு ஒத்துக்கொள்ளாத நெஞ்செரிச்சலாக இருக்கும், ஆனால் ரெக்கார்டில் 'பத்து நாளாக நெஞ்சுவலி' என்று ஏறிவிடும். கிளைம் பார்ப்பவர் படிப்பது அந்த வரியைத்தான். பொய் சொல்லச் சொல்லவில்லை, பொய் சொன்னால் வைத்தியமே தவறும். எந்த வலி எந்த நாளில் எத்தனை மணிக்குத் தொடங்கியது, முன்பு இருந்தது வேறு வலியா என்று பிரித்துத் துல்லியமாகச் சொல்லுங்கள்.

எவ்வளவு தொகைக்கு, எத்தனை நாளுக்கு எடுப்பது?

50,000 டாலர் பாலிசி, ஐசியு-வில் நாலு நாள் இருந்தால் கரைந்துவிடக்கூடியது. வயது அனுமதித்தால் ஒரு லட்சத்துக்குக் குறையாமல் எடுங்கள். 80 கடந்தவர்களுக்குக் காம்ப்ரிஹென்சிவ் திட்டங்களே 10,000 டாலர் போன்ற சின்னத் தொகையோடு நிறுத்திக்கொள்வது உண்டு. அந்த வயதில் பயணம் அவசியமா என்று முதலில் ஊர் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

விமானம் ஏறும் நாளிலிருந்து திரும்பி இறங்கும் நாள்வரை ஒரே பாலிசியாக எடுங்கள். மூன்று மாதத்துக்கு எடுத்து, பிறகு வேறொரு கம்பெனியில் புதிதாக எடுத்தால், முதல் மூன்று மாதத்தில் வந்த நோய் இரண்டாவது பாலிசிக்குப் பழைய நோயாகிவிடும். நீட்டிக்க வேண்டுமென்றால் அதே பாலிசியை, முடிவதற்கு முன்பே நீட்டியுங்கள். சீக்கிரம் திரும்பிவிட்டால், கிளைம் எதுவும் செய்யாத பட்சத்தில் மீதி நாட்களுக்கான பிரீமியத்தைச் சிறு கட்டணம் பிடித்துக்கொண்டு திருப்பித் தரும் கம்பெனிகள் பல உண்டு. வாங்கும்போதே இதைக் கேட்டு வையுங்கள்.

மாத்திரைகளை எவ்வளவு கொண்டுவரலாம்?

அமெரிக்க மருந்துத் துறையின் பொது வழிகாட்டுதல் 90 நாள் அளவு. அதற்கு மேல் தங்குபவர்கள் டாக்டரின் கடிதத்தோடு, சொந்த உபயோகத்துக்கு என்று தெரியும்படி வைத்திருக்க வேண்டும். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டிக்கொண்டு வராதீர்கள். அட்டையோடு, பில்லோடு, ஆங்கிலத்தில் ஜெனரிக் பெயர் எழுதிய சீட்டோடு வாருங்கள்.

ஜெனரிக் பெயரை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. இந்திய பிராண்டு பெயர் இங்கே யாருக்கும் புரியாது. சில மருந்துகளுக்கு ஜெனரிக் பெயரே வேறு: நம் பாராசிட்டமால் இங்கே அசிட்டமினோஃபென், சால்புட்டமால் இங்கே ஆல்புட்டெரால், கிளிபென்கிளமைட் இங்கே கிளைபுரைட். இன்னும் சில மருந்துகள் அமெரிக்காவில் விற்பனையிலேயே இல்லை. சர்க்கரைக்கு நம் ஊரில் சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் கிளிக்ளசைட், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், வோக்ளிபோஸ், பிபிக்கான சில்னிடிபின் எல்லாம் இந்த ரகம். தீர்ந்துபோனால் பக்கத்து மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ள முடியாது, டாக்டரைப் பார்த்து மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும். இவற்றைச் சாப்பிடுபவர்கள் திரும்பும் தேதிக்கு மேல் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக வைத்திருப்பது நல்லது.

அல்பிரசோலம், டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவை கட்டுப்பாட்டு மருந்துகள். சீட்டு இல்லாமல் கொண்டுவரவே வேண்டாம்.

அம்மா இன்சுலின் போடுகிறார். கவனிக்க வேண்டியது என்ன?

சிரிஞ்சை. ஊரில் விற்கும் பல இன்சுலின் குப்பிகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சு யூ-40, வழக்கமாகச் சிவப்பு மூடி. அமெரிக்கக் குப்பிகளில் ஒரு மில்லிக்கு 100 யூனிட், சிரிஞ்சு யூ-100, வழக்கமாக ஆரஞ்சு மூடி. யூ-40 சிரிஞ்சு இங்கே மருந்துக்கடையில் எளிதில் கிடைக்காது.

ஊர்க் குப்பியிலிருந்து அமெரிக்க சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான், சர்க்கரை ஏறும். மாற்றி, அமெரிக்கக் குப்பியிலிருந்து ஊர் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட் போகும். உயிருக்கே ஆபத்து. குப்பியும் சிரிஞ்சும் இரண்டும் ஊரிலிருந்தே வரட்டும். தீர்ந்தால் இரண்டையும் சேர்த்து இங்கே மாற்றுங்கள். ஊரிலேயே 100 யூனிட் பேனாவுக்கு மாறிவிட முடியுமா என்று இரண்டு மூன்று மாதம் முன்பே டாக்டரிடம் கேட்பது இன்னும் நல்லது.

விமானத்தில் இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், செக்-இன் பெட்டியில் உறைந்துபோகலாம். 100 மில்லி திரவக் கட்டுப்பாடு மருந்துக்குப் பொருந்தாது, பாதுகாப்புச் சோதனையில் முன்கூட்டியே சொன்னால் போதும்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் எங்கே போவது?

ஊர் மாதிரி நேரே ஸ்பெஷலிஸ்டிடம் போய் டோக்கன் வாங்க முடியாது. காய்ச்சல், சிறுநீர்க் கடுப்பு, சுளுக்கு, தையல் போடும் அளவுக் காயம் என்றால், உயிராபத்து இல்லாத அவசரங்களைப் பார்க்கும் அர்ஜென்ட் கேர் கிளினிக். அதைவிடச் சின்ன விஷயத்துக்குப் பெரிய மருந்துக்கடைகளுக்குள் இருக்கும் கிளினிக் அல்லது வீடியோ கன்சல்டேஷன். இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கு அரசு நிதி பெறும் சமூக சுகாதார மையங்கள் உண்டு, அங்கே வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைப்பார்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விழுவது, பேச்சுக் குழறல், தலையில் அடிபட்டு மயக்கம் – இதற்கெல்லாம் 911. செலவை நினைத்துக் காரில் கூட்டிப்போகலாமா என்று யோசிக்கும் நேரம் அதுவல்ல. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 1986-ஆம் ஆண்டின் எம்டாலா சட்டப்படி, மெடிகேர் பணம் பெறும் எந்த ஆஸ்பத்திரி ஈஆரும் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, ஆபத்துக் கட்டம் தாண்டும்வரை சிகிச்சை தந்தே ஆக வேண்டும். பில் பிறகு வரும், அது வேறு விஷயம்.

அவசரமில்லாத நோய்க்கு ஈஆர் போனால் பாலிசியிலும் அடி உண்டு. அட்மிட் ஆகாமல் திரும்பினால் ஒரு தடவைக்கு 200, 250 டாலர் என்று தனியாகப் பிடிக்கும் திட்டங்கள் இருக்கின்றன.

ரிசப்ஷனில் "இந்த இன்சூரன்ஸை எடுக்க மாட்டோம்" என்கிறார்களே?

அவர்களுக்குக் கம்பெனியின் பெயர் தெரிந்திருக்காது. கார்டில் உள்ள நெட்வொர்க்கின் பெயரைச் சொல்லுங்கள், கார்டின் பின்பக்க எண்ணை அவர்களையே கூப்பிடச் சொல்லுங்கள். அப்போதும் மறுத்தால், இன்சூரன்ஸ் இல்லாமல் கையிலிருந்து கட்டும் செல்ஃப்-பே கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, கட்டி, ரசீது வாங்கி, பிறகு கிளைம் செய்யுங்கள். முன்கூட்டியே நாள் குறித்த சிகிச்சைக்கு, இன்சூரன்ஸ் இல்லாதவருக்கும் செல்ஃப்-பே செய்பவருக்கும் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும் என்பது 2022 முதல் சட்டம். பில் அந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் முறையிட வழி உண்டு.

அட்மிட் ஆனால் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். அவசர அட்மிஷன் என்றால் 48 மணி நேரம் என்ற கெடு பல பாலிசிகளில் உண்டு. விட்டுவிட்டால் தொகையில் ஒரு பகுதியை வெட்டுவார்கள். வாட்ஸாப் குரூப்பில் சொல்லும் முன் அந்த போனைப் போட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நான்தான் மொழிபெயர்க்க வேண்டுமா?

வேண்டாம். மத்திய அரசு நிதி பெறும் ஆஸ்பத்திரிகள் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும். 'தமிழ் இன்டர்பிரட்டர்' என்று கேட்டால் போனிலோ வீடியோவிலோ இணைப்பார்கள். பிள்ளைகள் முன்னால் அம்மாக்கள் சொல்லத் தயங்கும் உபாதைகள் நிறைய இருக்கின்றன, அதற்கும் இது நல்லது. தனியுரிமைச் சட்டத்தைக் காட்டி ஆஸ்பத்திரியும் இன்சூரன்ஸ் கம்பெனியும் உங்களிடம் விவரம் சொல்ல மறுக்கலாம். உங்களிடம் பேசலாம் என்ற ஒப்புதல் படிவத்தில் அம்மா அப்பாவிடம் முதல் நாளே கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு தடவை போனதற்கு ஐந்து பில் வருகிறதே?

மோசடி இல்லை, இங்கே வழக்கமே அதுதான். கட்டடத்துக்கும் நர்சுக்கும் ஆஸ்பத்திரி ஒரு பில், ஈஆர் டாக்டர் தனி, எக்ஸ்ரே படித்த டாக்டர் தனி, லேப் தனி, ஆம்புலன்ஸ் தனி. மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக வரும்.

'மொத்தம் இவ்வளவு' என்று மட்டும் போட்ட சீட்டு கிளைமுக்கு உதவாது. ஒவ்வொரு சேவையையும் தனித்தனி வரியாகப் போட்ட ஐட்டமைஸ்டு பில் கேளுங்கள். ஆஸ்பத்திரியிடம் யூபி-04 படிவம், டாக்டரிடம் சிஎம்எஸ்-1500 படிவம் என்று பெயர் சொல்லிக் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். அதோடு கிளைம் படிவம், பாஸ்போர்ட் முகப்பு, வந்த தேதி காட்டும் ஐ-94, மருத்துவ ரெக்கார்டு, ரசீது. அனுப்புவதற்கான கெடு பாலிசியில் இருக்கும், பலவற்றில் 90 நாள். ஊர் டாக்டரின் பழைய ஃபைலையும் கேட்பார்கள். அது வராமல் கிளைம் மாதக்கணக்கில் கிடப்பில் கிடக்கும், எனவே ஊரிலிருந்து கிளம்பும்போதே ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

பல், கண், செக்-அப்?

திடீர்ப் பல்வலிக்குச் சிறு தொகை, விபத்தில் உடைந்த பல்லுக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கண்ணாடி, மாஸ்டர் செக்-அப், தடுப்பூசி எதுவும் கிடையாது. கிளம்பும் முன் ஊரிலேயே பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரட்டும்.

கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்கும் விசிட்டர் பாலிசி போதுமா?

போதாது, பல திட்டங்கள் அவர்களை ஏற்பதும் இல்லை. கிரீன் கார்டு கிடைத்த 60 நாளுக்குள் அரசின் இன்சூரன்ஸ் சந்தையான மார்க்கெட்பிளேஸில் முழு ஹெல்த் இன்சூரன்ஸ் வாங்கலாம், அதில் பழைய நோயைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. 65 வயதானவர் தொடர்ந்து ஐந்து ஆண்டு இங்கே வசித்த பிறகு, பிரீமியம் கட்டி மெடிகேரில் சேரலாம்.

கிளைம் மறுக்கப்பட்டது, அவர்களும் ஊர் திரும்பிவிட்டார்கள். பில் யார் தலையில்?

நோயாளியின் பெயரில்தான். ஆனால் அட்மிஷன் தாள்களில் 'கியாரண்டர்', அதாவது பணத்துக்குப் பொறுப்பேற்பவர், என்ற இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் கடன் உங்களுடையதும்தான். பதற்றத்தில் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடாமல் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மறுப்புக் கடிதத்தில் காரணமும் மேல்முறையீட்டுக் கெடுவும் இருக்கும். பழைய நோய் என்று மறுத்திருந்தால், இப்போது வந்தது அதன் தொடர்ச்சி இல்லை என்று சிகிச்சை தந்த டாக்டரிடமும் ஊர் டாக்டரிடமும் கடிதம் வாங்கி இணையுங்கள். பில்லில் தவறு இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒரே ஊசி இரண்டு தடவை ஏறியிருப்பது அபூர்வமில்லை. லாப நோக்கற்ற ஆஸ்பத்திரிகள் நிதியுதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது வரிச் சட்டம். முதல் பில் வந்து 240 நாள்வரை விண்ணப்பிக்கலாம். சுற்றுலா விசாக்காரருக்கும் உண்டா என்பது அந்தந்த ஆஸ்பத்திரியின் விதியைப் பொறுத்தது, கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. அதுவும் இல்லையென்றால் பில்லிங் பிரிவில் பேசி, மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள், அல்லது வட்டியில்லாத் தவணை கேளுங்கள். பேசி முடித்த தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள். கட்டிய ரசீதுகளை அம்மா அப்பாவின் பாஸ்போர்ட் ஃபைலிலேயே வையுங்கள், அடுத்த விசா நேர்காணலில் போன தடவை ஆஸ்பத்திரிச் செலவை யார் கட்டினார்கள் என்று கேட்டால் எடுத்துக் காட்டலாம்.